மதியம் வரும் டாக்டர்

வெந்நீர்ச் சட்டிக்குள் இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை அமிழ்த்திக்கொண்டு, விரல்கள் விரிவதற்காக அவள் காத்திருந்தாள். வலது ஆள்காட்டி விரல் மட்டும் கொஞ்சம் மனசு வைத்தது. மற்றவை கோபித்துக்கொண்ட குழந்தைகள் மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தன. பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்து கணவன் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தான். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். நகக்கண்ணில் நேற்றைய பச்சை இன்னும் போகவில்லை.

"ஏங்க, இது பின்னலா, மூட்டை கட்டுற கயிறா?"

"ரெண்டாவது கோட்டு அடிச்சாத்தான் பினிஷிங் வரும். ஆடாம உக்காரு."

மூன்று வருஷமாக இப்படித்தான். முடக்குவாதம், மாத்திரை அடக்கி வைக்குமே தவிர அடியோடு போகாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஐந்து மணிக்கு எழும்போது கல்லாக இறுகிக் கிடக்கும் கை, ஒன்பது மணிக்குத்தான் இளகும். மதியம் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அதுதான் வம்பாகப் போயிற்று.

தையல் ஆலையில் ஏழு மணிக்கு வேலை தொடங்கிவிடும். சட்டைக்குக் காலர் வைப்பது அவள் வேலை. பக்கத்து மெஷின்காரி, ஒல்லி உடம்பால் 'குண்டூசி' என்று பேர் வாங்கியவள், காலையில் பத்துப் பதினைந்து காலரைத் தைத்து இவள் கூடையில் போட்டுவிடுவாள். கை ஓடத் தொடங்கியதும் இவள் அதே அளவு தைத்து அவள் கூடையில் திருப்பிப் போட்டுவிடுவாள். சாயங்காலம் இருவர் கணக்கும் சரியாகவே இருக்கும்.

ஒருநாள் சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டார். குண்டூசியைக் கடைசி வரிசைக்கு மாற்றினார். போகிற போக்கில் குண்டூசி, "அக்கா, நான் போனதும் அழுது தொலைக்காதீங்க, துணி நனைஞ்சா அதுக்கும் திட்டுவாரு" என்று சொல்லிவிட்டு, தானே மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அவள் சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டாள். "சார், என்னை ரெண்டாம் ஷிப்டுல போட்டுடுங்க. மதியத்துக்கு மேல நான் யாருக்கும் சளைச்சவ இல்ல."

"கம்பெனி டாக்டர் எழுதிக் குடுக்கட்டும், போட்டுடறேன். எனக்கென்ன?"

கம்பெனி டாக்டர் வியாழக்கிழமை மூன்று மணிக்கு வருவார். கணவன் அரைநாள் வேலையை விட்டுவிட்டுத் துணைக்கு வந்து வாசலில் நின்றான். டாக்டர் தன்மையான மனுஷர்தான். உட்காரச் சொன்னார். தன் விரலைப் பிடித்து அமுக்கச் சொன்னார். அமுக்கினாள். தன்னுடைய வெள்ளைக் கோட்டைக் கொடுத்துப் பட்டன் போடச் சொன்னார். மேலிருந்து கீழ்வரை போட்டாள்.

"நல்லாத்தானே இருக்கும்மா?"

"இப்ப நல்லா இருக்கும் சார். காலைல பாத்தாத்தான் தெரியும். ஆஸ்பத்திரி சீட்டு கொண்டாந்திருக்கேன்."

"சீட்டுல நோய் இருக்குன்னுதான் எழுதியிருக்கு. நான் கண்ணால பாக்குறதத்தான் எழுத முடியும். காலைல நான் வரதில்லையேம்மா."

கணவனுக்குப் பொறுக்கவில்லை. "சார், தெனம் காலைல இவளுக்குத் தலை பின்னிவிடறதே நான்தான். அந்தப் பின்னலப் பாருங்க, பொம்பள பின்னின மாதிரியா இருக்கு?"

டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே, 'முதல் ஷிப்டுக்குத் தகுதி உண்டு' என்று எழுதி, படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். அவள் கையெழுத்துப் போட்டாள். எழுத்து குண்டுகுண்டாக, பிசிறில்லாமல் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஆஸ்பத்திரி சீட்டை மடித்து அலமாரியில் வைத்தாள். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"அந்த டாக்டர எங்க வேலைக்குக் கூட்டிட்டுப் போகணும். வெயில்ல சுவரப் பாத்துட்டு, மழை பெஞ்சா ஒழுகவே ஒழுகாதுன்னு எழுதிக் குடுத்துடுவாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வருமளவு சிரித்தாள். அவன் தோளில் சாய்ந்தும் அது அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பிறகு அவன் செல்போனை எடுத்தான். "நாளைலேருந்து அலாரம் எத்தன மணிக்கு வைக்கட்டும்?"

கை இளக நாலு மணி நேரம். அவள் ஏழிலிருந்து பின்னோக்கி எண்ணியபடி ஒவ்வொரு விரலாக மடக்கினாள். நான்கு விரல்களும் சொன்ன பேச்சைக் கேட்டு மடங்கின.

"மூணு" என்றாள்.