சும்மா சாத்திய கேட்

ஜெயிலிலிருந்து வரும் பெண்களுக்கு வெளியே வாழக் கற்றுக்கொடுப்பது என் வேலை. எழுபத்தொன்பதில் அதற்கென்று ஒரு சங்கம் திருவண்ணாமலையில் இருந்தது. அரிசி மண்டிக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. கதவைக் கரையான் தின்றுவிட்டதால் வாசலில் கோணிப் படுதா. பாடமும் அங்கேதான், போக்கிடம் இல்லாதவர்கள் படுப்பதும் அங்கேதான். "வஜீதாவுக்கு வாய் ஜாஸ்தி, இந்த வேலைக்கு அவதான் சரி" என்று சங்கத் தலைவர் என்னை டீச்சராக்கினார்.

பாடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். கடைக்காரன் சொத்தைக் கத்தரிக்காயைப் போட்டால் எடுத்து அவன் முன்னாலேயே வைக்க வேண்டும். தட்டை மறைத்துக்கொண்டு அவசர அவசரமாக விழுங்கக் கூடாது. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எட்டு வருஷம் வேலூர் ஜெயிலில் இருந்துவிட்டு வந்த ஆராயிக்கு வரவில்லை. தினமும் அடித்த புருஷனை ஒருநாள் அவள் திருப்பி அடித்தாள்; அவன் எழுந்திருக்கவில்லை. அப்போது நடை பழகிக்கொண்டிருந்த மகள் பவுனு, செங்கம் ரோட்டில் ஒரு பிள்ளைகள் விடுதியில் வளர்ந்தாள்.

மகளைக் கேட்கப் போனபோது விடுதிக் காப்பாளர் ஜோதியம்மாள் என்னிடம் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை சாயந்திரம் அவங்க தனியா வரட்டும், தனியா பேசட்டும். சொந்தக் கால்ல நிக்கிறாங்களான்னு நான் பாக்கணும். நீங்க கூட வந்தீங்கன்னா பொண்ண அனுப்ப மாட்டேன்." அனுப்பாவிட்டால் அந்த மாதமே பவுனு மெட்ராஸில் இருக்கும் பெரிய விடுதிக்குப் போய்விடுவாள். பதினெட்டு வயசு வரை அங்கேதான்.

ஆராயி விழுந்து விழுந்து கற்றாள். கடைத்தெருவில் பூக்கட்டும் வேலை தேடிக்கொண்டாள். அடி அண்ணாமலையில் ஒரு வாடகை வீடு பேசினாள். மகள் வந்ததும் குடிபோவதாகத் திட்டம். ஜோதியம்மாளிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடுதிக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டேன். பஸ்ஸிலிருந்து ஆராயி இறங்கினாள். தானே பார்த்து எடுத்த நீலப் புடவை. இரண்டு பக்கமும் பார்த்து ரோட்டைத் தாண்டினாள். என் பெண்ணைப் பெண் பார்க்க வந்து பிடித்துப்போன மாதிரி எனக்கு ஒரு பூரிப்பு. விடுதி கேட் வரை போனாள். நின்றாள்.

கேட்டில் பூட்டு இல்லை. தாழ்கூடப் போடாமல் சும்மா சாத்தியிருந்தது. அவள் ஓரமாக ஒதுங்கி, கைகட்டி, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பயத்தில் மூச்சு வாங்குகிறாள் என்று முதலில் நினைத்தேன். நேரம் போகப் போகத்தான் எனக்கு உறைத்தது. எட்டு வருஷமாக அவள் எந்தக் கதவையும் தொட்டதில்லை. ஜெயிலில் கதவு வார்டர் தொடுவது. கைதி தொட்டால் தண்டனை. வெளியே வந்த பிறகாவது தொட்டாளா? எங்கள் அறையில் கோணிப் படுதா, பூக்கடையில் அதுவும் இல்லை.

உள்ளேயிருந்து பவுனு தகரப் பெட்டியோடு வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கேட் வரை ஓடி வந்தவள், அவளும் நின்றுவிட்டாள். பிள்ளைகள் கேட்டில் கை வைக்கக் கூடாது என்பது விடுதிச் சட்டம். ஒரு தள்ளு தள்ளினால் திறக்கிற கேட்டுக்கு இந்தப் பக்கம் தாய், அந்தப் பக்கம் மகள். ஜன்னலில் ஜோதியம்மாள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க வருகிறவர்களுக்கான நேரம் முடியப் போகிறது. நான் போனால் காரியம் கெடும், போகாவிட்டாலும் கெடும். இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்களே, அது நான்தான்.

யா அல்லா, எத்தனை நேரம்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? ரோட்டைத் தாண்டி ஓடினேன். "தள்ளுடி அத!" என்று கத்தினேன்.

உடனே தள்ளினாள். இரண்டு பேரும் உள்ளே போனோம்.

ஜோதியம்மாள் முற்றத்துக்கு வந்தார். "பாத்தீங்களா? நீங்க சொன்னதும் தள்ளுறாங்க. நாளைக்கு எவனோ ஒருத்தன் வந்து ஏதோ சொன்னாலும் இப்படித்தான செய்வாங்க? எந்த நம்பிக்கையில பொம்பளப் புள்ளைய இவங்க கையில குடுக்கிறது?"

அந்தம்மா கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

"நீங்க கிளம்புங்க ஆராயி. பவுனு மெட்ராஸ் போவட்டும்."

"சரிங்கம்மா" என்றாள் ஆராயி. பாடம் பண்ணி வைத்திருந்த பேச்சில் ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை. கேட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தாள்.

"பவுனு, பெட்டிய உள்ள கொண்டு போய் வை."

"சரிங்கம்மா."

அதே குரல். அதே குனிந்த தலை. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஜெயிலைக் கண்ணால் பார்க்காத பெண்ணுக்கு அது எப்படி வந்தது?

ஆராயி நின்றுவிட்டாள். திரும்பி வந்தாள். பவுனு கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கித் தரையில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்து, மகளை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"போவ மாட்டேன்" என்றாள்.

"என்ன?"

"இவ இல்லாம போவ மாட்டேங்க. இவளும் என்ன மாதிரியே சொல்லுறா. கேட்டீங்க இல்ல? நான் வுட்டுட்டுப் போவ மாட்டேன்."

ஜோதியம்மாளின் முகம் சிவந்தது. "போலீசுக்குப் போன் பண்ணட்டுமா?" என்றார். ஆராயி எழுந்திருக்காததைப் பார்த்து, "வாட்ச்மேன், கேட்டப் பூட்டு! புள்ளையத் தூக்கிட்டு ஓடிடப் போறாங்க" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போனார்.

பின்கட்டிலிருந்து வாட்ச்மேன் ஓடி வந்து சங்கிலியை இழுத்துப் பூட்டினார். நானும் உள்ளேதான் மாட்டிக்கொண்டேன். ஆபீசில் போன் சுற்றும் சத்தம் கேட்டது. ஆராயி மகளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்குது டீச்சரம்மா."

"எனக்குந்தான்டி" என்றேன்.

எழுந்திரு என்றோ உட்கார் என்றோ நான் சொல்லவில்லை. அவள் உட்கார்ந்தே இருந்தாள்.