எல்லாவற்றுக்கும் ஒரே தோட்டா

லோர்னா பஞ்சுக் குச்சியை நனைத்து அப்பாவின் உதட்டில் வைத்துக்கொண்டிருந்தபோது பிக்கப் வந்து நின்றது. பதினோரு வருடமாக அந்த வாசலைத் தவிர்த்து, கடைக்குப் போகக்கூட ஆறு மைல் சுற்றிப் போன பிக்கப். சித்தப்பா லீலண்ட் உள்ளே வந்தார். பூட்ஸைக் கழற்றினார். வேட்டைக்காலத்து ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றினார். கூடத்தில் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் அண்ணனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"இன்னும் அதே தர்ட்டி ஆட் சிக்ஸ் துப்பாக்கிதானா?" என்றார்.

இரண்டு நாளாக எதையும் பார்க்காத கண்களை அப்பா ஆர்வில் திறந்தார். "நீ இன்னும் அதே பேனா ரீஃபில்தானா?"

லோர்னாவுக்கு மூச்சு வந்தது. வையோமிங்கில் இரண்டு ஆண்பிள்ளைகள் கட்டிப்பிடித்து அழுவது இப்படித்தான் தொடங்கும். பெரும்பாலும் இப்படியே முடிந்தும்விடும்.

இன்றைக்கு, தவறினால் நாளைக்கு என்று நர்ஸ் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதற்குப் பிறகுதான் லோர்னா சித்தப்பாவுக்குப் போன் செய்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த எல்க் என்ற பெரிய மானைப் பற்றி இரண்டு பேரில் ஒருவர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மன்னிப்பு என்கிற சொல்லே தேவையில்லை. அந்தச் சொல் இந்தக் குடும்பத்தில் வளர்க்கப்படவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்னால், மலைச்சரிவில், ஆர்வில் தொலைநோக்கியில் பார்த்துத் தூரம் சொன்னார். லீலண்ட், ஒல்லித் தோட்டா போடும் தன் டூ செவன்டி துப்பாக்கியால் சுட்டார். ஆறு கிளைக் கொம்பு வைத்த கடா எல்க், வயிற்றில் குண்டை வாங்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடியது. இரண்டு நாள் ரத்தத்தைப் பின்தொடர்ந்தார்கள். மூன்றாம் நாள் பனி விழுந்து தடம் போயிற்று. காயப்பட்டதை விட்டுவிட்டு வருவது அந்த ஊரில் பிள்ளையை விட்டுவிட்டு வருவதற்கு அடுத்தபடி. திரும்பி வந்த அன்று, முப்பது பேர் காபி குடித்துக்கொண்டிருந்த சர்ச் கூடத்தில் ஆர்வில் தீர்ப்புச் சொன்னார்: "டூ செவன்டியத் தூக்கிட்டு எல்க் வேட்டைக்கு வந்தா இப்படித்தான். அது தோட்டா இல்ல, பேனா ரீஃபில்."

அதோடு லீலண்டை யாரும் வேட்டைக்குக் கூப்பிடவில்லை. அவரும் கேட்கவில்லை.

"அந்தச் சுவத்துல ஆறு துப்பாக்கி இருக்கு," என்றார் ஆர்வில், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி. "இவ ஒண்ண மட்டும் வச்சுக்கட்டும். எதுன்னு நீயே சொல்லு."

"டூ செவன்டிய வச்சுக்கட்டும். தோள உடைக்காது. குண்டு நேராப் போகும்."

"நேராப் போயி கரடிகிட்ட என்ன பண்ணும்? குட் மார்னிங் சொல்லுமா?"

"இவ எதுக்குண்ணே கரடியப் போயி சுடுறா? ஸ்கூல் பஸ் ஓட்டுறா."

"மானுக்கு நூத்தம்பது கிரெய்ன் எடையில குண்டு. எல்க்குக்கு நூத்தி எண்பது. கரடி, மூஸ் வந்தா இருநூத்தி இருபது. துப்பாக்கி ஒண்ணுதான். எல்லாத்துக்கும் ஒரே..." இருமல் வந்தது. லோர்னா முதுகைத் தாங்கினாள். அவளுக்கு எந்தத் துப்பாக்கி வேண்டும் என்று இருவரும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

"தோட்டா டப்பா பின்னாடி தூர அட்டவணை போட்டிருக்கான். எடுத்துட்டு வர்றேன். படிச்சுக் காட்டுறேன்," என்று லீலண்ட் எழுந்து வெளியே போனார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சித்தப்பா பிக்கப்பின் கதவைத் திறக்கவில்லை. முன்மூடியின் மேல் இரண்டு கையையும் ஊன்றித் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"லோர்னா."

"சொல்லுங்கப்பா."

"முந்நூறுன்னு சொன்னேன். முந்நூறு கஜம்னு." அப்பா கூரையைப் பார்த்துப் பேசினார். "அன்னைக்குக் கண்ணாடி போட்டுக்கல. நானூத்தம்பதுக்கு மேல இருக்கும். சுட்ட உடனே தெரிஞ்சுபோச்சு. எந்தத் தோட்டாவா இருந்தாலும் வயித்துக்குத்தான் இறங்கியிருக்கும்."

"இதச் சித்தப்பாகிட்ட சொல்லுங்கப்பா. இப்ப வந்துருவாரு. என்கிட்ட இல்ல, அவர்கிட்ட."

அப்பா தலையை அசைத்தார். சரி என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

லீலண்ட் டப்பாவோடு வந்தபோது ஆர்வில் கண் மூடியிருந்தார். லீலண்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தூங்குகிற மனிதருக்கு அட்டவணையைப் படித்துக் காட்டத் தொடங்கினார். இருநூறு கஜத்தில் வேகம். முந்நூறில் சரிவு. நானூறுக்கு வந்ததும் நிறுத்திவிட்டு டப்பாவை மூடினார்.

மூன்று மணிக்கு ஆர்வில் கடைசியாகக் கண் விழித்தார். லோர்னா அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். "அப்பா. சித்தப்பா இங்கதான் இருக்காரு. சொல்லுங்க."

ஆர்வில் தம்பியை வெகுநேரம் பார்த்தார். உதடு இரண்டு முறை கூடிப் பிரிந்தது. லீலண்ட் குனிந்து காதை அருகில் கொண்டுபோனார்.

"தர்ட்டி ஆட் சிக்ஸ்," என்றார் ஆர்வில்.

மூச்சு நிற்க அதற்குப் பிறகு கால்மணி நேரம் ஆயிற்று. ஆனால் பேச்சு அதுதான்.

நர்ஸுக்குப் போன் செய்துவிட்டு வந்து லோர்னா சொன்னாள். முந்நூறு, கண்ணாடி, நானூற்றைம்பதுக்கு மேல், எல்லாவற்றையும். லீலண்ட் சிங்க்கில் காபிக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கழுவிய கோப்பைதான்.

"வலிக்கு மார்ஃபின் குடுத்திருக்காங்கல்ல," என்றார். "மார்ஃபின் என்ன வேணா பேசும்."

"தெளிவாத்தான் பேசினாரு சித்தப்பா."

"தெளிவாப் பேசினது என்கிட்ட பேசினது. நீயும்தான கேட்ட."

அண்ணன் உடலுக்குச் சட்டை மாட்டியது லீலண்ட்தான். கம்பளிச் சட்டை, இரண்டு பக்கமும் பை வைத்தது. ஒவ்வொரு பொத்தானாகப் போட்டார், வெளியே குளிர் என்பதுபோல் கழுத்துவரை. அவர் நகர்ந்த பிறகு லோர்னா சுவர் அலமாரியிலிருந்து அப்பாவின் தோட்டா ஒன்றை எடுத்து இடது பையில் போட்டாள். ஒன்று போதும் என்பதுதானே அவருடைய வாதம்.

இரண்டு நாள் கழித்து எரியூட்டும் இடத்துக்காரர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். பக்கத்தில் மேசைமேல் ஒரு கண்ணாடி ஜாடி, பாதிக்கு மேல் தோட்டாக்கள்.

"தப்பா நினைக்காதீங்க. சட்டைப் பையத் தடவிப் பாக்காம உலைக்குள்ள விடுறதில்ல," என்றார். "அக்டோபர் மாசம் வாரத்துக்கு ரெண்டு வரும். போன வருசம் ஒருத்தர் பையில அஞ்சு. போற எடத்துல என்ன இருக்குமோன்னு பயம் போல."

ஒரு கவரை நீட்டினார். "உங்கப்பாவோடது. ஒண்ணு முழுசு. ஒண்ணு காலி. காலியால ஆபத்து இல்ல, உருகி அடியில பிடிச்சுக்கும்."

அவள் வைத்தது ஒன்று. உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். அப்பாவின் தோட்டாவோடு சுட்டு முடித்த பித்தளைக் கூடு ஒன்றும் இருந்தது. கழுத்து கொஞ்சம் ஒல்லி, டூ செவன்டி. வருடக்கணக்கில் கைபட்டுக் கறுத்திருந்தது. பக்கவாட்டில் கத்தி முனையால் எண் கீறியிருந்தது: 462.

சித்தப்பா பிக்கப்பில் காத்திருந்தார். ஏறி உட்கார்ந்து கூட்டை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவள் அதை முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். வண்டி கிளம்பி ஊரைத் தாண்டியது.

"நானூத்தி அறுபத்திரண்டு கஜம். எப்ப அளந்தீங்க?"

"அடுத்த கோடையில. பனி உருகினதும். நூலு புடிச்சு."

"அப்பவே தெரியுமா? தெரிஞ்சுமா இத்தனை வருசம் பேசாம இருந்தீங்க?"

"அவன் வாயால வரட்டும்னு இருந்தேன்."

"வந்துச்சே சித்தப்பா."

"உன்கிட்ட வந்துச்சு."

மண் சாலை தொடங்கியது. எதிரே வந்த வண்டியிலிருந்து யாரோ ஆரஞ்சுத் தொப்பியைத் தூக்கிக் காட்டினார்கள். கூரையில் கொம்பு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். லீலண்ட் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிப் பதில் சொன்னார்.

வீட்டுக்கு நாற்பது மைல். ஒவ்வொரு வளைவிலும் பித்தளைக் கூடு அவள் பக்கம் உருண்டு வந்து, அடுத்த வளைவில் அவர் பக்கம் போயிற்று. தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. இரண்டு பேருக்கும் கை எட்டுகிற தூரம்தான்.