பைன்ஃபோர்ட் அணியின் காயாத வியர்வை

வடக்கு மின்னசோட்டாவில், சுரங்க ஊரான பைன்ஃபோர்டின் கல்லூரியில், பெண்கள் ஐஸ் ஹாக்கி அணிக்கு 1975ஆம் ஆண்டு அக்டோபரில் வழங்கப்பட்ட பதினெட்டுப் பழைய கவச உடைகள் நாளொன்றுக்கு இரண்டரை வாளி வியர்வை விட்டன. யாராவது போட்டுக்கொண்டு ஓடினால்தான் என்றில்லை. சும்மா ஆணியில் தொங்கும்போதும் விட்டன. ஆண்கள் அணி இருபது வருடம் போட்டுத் தேய்த்து, இனி நாய்கூட மோந்து பார்க்காது என்று கொதிகலன் அறையில் எறிந்த உடைகள் அவை. விளையாட்டுத் துறை இயக்குநர் லெஸ்டர் ஹோல்ம் அவற்றைக் கையால் தொடவில்லை. ஹாக்கி மட்டையின் நுனியால் தள்ளிவிட்டு, "பொண்ணுங்களுக்கு இது போதும்மா. எப்படியும் கிறிஸ்துமஸுக்குள்ள அலுத்துப்போய் விட்டுருவீங்க" என்றார். சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் மட்டையைத் துடைத்துக்கொண்டார்.

கோல் காக்க வந்தவள் ஐலி கங்காஸ். அவளுடைய அம்மா இருபது வருடம் சுரங்கத் தொழிலாளிகளின் துணியைத் துவைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவள். அந்த வீட்டில் பிறந்த ஐலிக்கு எந்தத் துணியை முகர்ந்தாலும் போட்டவன் யார் என்று சொல்லத் தெரியும். முதல் நாளே சொல்லிவிட்டாள். முழங்கால் கவசத்தில் இருப்பது இப்போதைய வங்கி மேலாளரின் வியர்வை. வெங்காயமும் பீரும் மணத்தது. தோள் கவசம் லூத்தரன் தேவாலயப் பாதிரியாருடையது, மூக்குப்பொடி. இடுப்புக் கவசம் பல் மருத்துவருடையது. அவளுடைய சொந்த மார்புக் கவசத்திலிருந்து சொட்டியது லெஸ்டர் ஹோல்மின் வியர்வை. 1956இல் இந்தக் கல்லூரியின் கோல்கீப்பர் அவர்தான். ஐலி குனிந்தால் அது கழுத்தில் இறங்கும், நிமிர்ந்தால் வாய் ஓரத்துக்கு ஏறும். ஊசிப்போன மீன் எண்ணெயின் ருசி. சீ என்று சொல்வதைத் தவிர எழுதுகிறவன் இங்கே வேறு என்ன செய்ய முடியும்.

அவள் சும்மா இருக்கவில்லை. ஏழு முறை சவக்காரத்தில் ஊறவைத்து, அடித்து, அலசிப் பிழிந்தாள். ஒவ்வொரு முறையும் விடிந்தால் பழைய குருடி கதவைத் திறடிதான். தரையில் மஞ்சள் குட்டை. எட்டாம் முறைக்குத் தண்ணீர் சுடவைத்திருந்தபோது, முதல் ஆட்டத்தில் மூன்றுக்கு இரண்டு என்று அணி ஜெயித்துத் தொலைத்தது. அதோடு துவைப்பு நின்றது. ஹாக்கி ஆடுகிறவர்கள் ஜெயித்த உடையைத் துவைக்க மாட்டார்கள். தோற்கும்வரை தண்ணீர் காட்டக் கூடாது என்பது அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நிகரான கட்டுப்பாடு. படித்த பெண்கள், ரசாயனமும் சட்டமும் படிக்கிற பெண்கள், அதைக் கடைப்பிடித்தார்கள். என்ன கேடு என்றால், அவர்கள் தோற்கவே இல்லை.

நான்கு பருவங்களில் நாற்பத்தாறு ஆட்டம், நாற்பத்தாறு வெற்றி. முதல் பருவத்தில் உடை மாற்றும் அறையின் சுவர்ச் சாயம் உரிந்தது. இரண்டாவதில் கல்லூரிச் சமையலறையில் பால் காலை பத்து மணிக்கே திரிந்தது. மூன்றாவதில் அணித்தலைவி மார்டெல் ஜூபானுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை, மோதிரத்தைக்கூடத் திருப்பிக் கேட்காமல் கனடாவுக்குப் போய்விட்டான். எதிரணிக்காரிகள் கோலுக்கு ஆறடி தூரம்வரை பந்தயக் குதிரைகளாக வருவார்கள். வந்து, வாயைப் பொத்திக்கொண்டு திரும்புவார்கள். ஆனால் இதை மட்டும் வைத்து யாரும் நாற்பத்தாறு ஆட்டம் ஜெயித்துவிட முடியாது. ஐலியின் இடது முட்டி இரண்டு முறை கிழிந்து தைக்கப்பட்டது. மார்டெலுக்கு முன்பற்கள் மூன்று போயின. அந்தக் கணக்கு யார் கண்ணுக்கும் படவில்லை.

1979 பிப்ரவரியில், மாநில இறுதி ஆட்டத்துக்கு முந்தைய திங்கட்கிழமை, கல்லூரி ஒரு பாராட்டு விருந்து வைத்தது. ஹோல்ம் மைக்கைப் பிடித்தார். "இந்தப் பிள்ளைங்க ஜெயிக்குது, சந்தோஷம். ஆனா ஜெயிக்கிறது எது? நம்ம பசங்க இருபது வருஷம் சிந்தின வேர்வை! அதுதான் ஓடுது, அதுதான் கோல் போடுது!" என்றார். வங்கி மேலாளர் எழுந்து நின்று கைதட்டினார். பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடை மாற்றும் அறை வாசலில் 'நம் பையன்களின் வியர்வை' என்று பித்தளைத் தகடு அடிக்கப்போவதாகவும் அறிவித்தார்கள். நோகாமல் நுங்கு தின்பவர்களை உலகம் பார்த்திருக்கிறது. அடுத்தவள் தொண்டைக்குள் வியர்வையை ஊற்றிவிட்டு அதற்கு நன்றியும் எதிர்பார்த்தவர்களைப் பைன்ஃபோர்டில்தான் பார்க்கலாம். நாலு வருடமாகத் தான் ஆடிய ஆட்டம் தன்னுடையதா அந்த ஆளுடையதா என்று ஐலிக்கே ஒரு நொடி சந்தேகம் வந்தது. அந்த ஒரு நொடியைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் அணி கூடியபோது, "எல்லாத்தையும் துவைக்கப் போறேன்" என்றாள்.

"லூசாடி நீ?" மார்டெல் கத்தினாள். "சனிக்கிழமை ஃபைனல்! நாலு வருஷம் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இருந்தோம், இன்னும் நாலு நாள் இருக்க முடியாதா?"

"ஜெயிச்சா அந்தாளு மறுபடி மைக்கைப் பிடிப்பான். என் வேர்வை, என் வேர்வைன்னு."

"தோத்தா?"

"தோத்தா நாம தோத்தது. அதுலயாவது எவனும் பங்குக்கு வர மாட்டான்."

ஆணிகளில் உடைகள் சொட்டிக்கொண்டிருந்தன. கடைசியில் மார்டெல் தன் முழங்கால் கவசத்தைக் கழற்றி ஐலியின் காலடியில் வீசினாள். "நாசமாப் போ. முதல்ல இதைப் போடு. அந்த வெங்காயக்காரனை இனி ஒரு நிமிஷம் தாங்க முடியாது."

சவக்காரம் செல்லாது என்று ஐலிக்குத் தெரியும். அவள் ஃபின்லாந்துக்காரர்களின் பேத்தி. வீட்டுக்குப் பின்னால் நீராவிக் குளியலுக்கான சவுனா அறை இருந்தது. பதினெட்டு உடைகளையும் மேல் பலகையில் மனிதர்களைப் போல உட்காரவைத்து, பிர்ச் விறகு போட்டு, கல் சிவக்கும்வரை எரித்து, தண்ணீர் தெளித்து, பிர்ச் கிளைகளால் அடித்தாள். ஒரு நாள் முழுக்க ஒன்றும் ஆகவில்லை. புதன்கிழமை மதியம் உடைகள் மொத்தமாக வியர்க்கத் தொடங்கின. அந்த வியர்வை கதவிடுக்கு வழியே மஞ்சளாக வெளியே ஓடி, பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி குளிரிலும் உறையாமல், பனியின் மேல் பதினெட்டு ஓடைகளாகப் பிரிந்து, மேய்ச்சல் முடிந்த மாடுகளைப் போல அதனதன் வீட்டுக்கு நடந்தது.

இரண்டு மணிக்கு வங்கி மேலாளர் நாற்காலியோடு நனைந்தார். பாதிரியார் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தார். குழந்தை தேவைக்கு மேலே நனைந்தது. பல் மருத்துவரின் நெற்றியிலிருந்து வழிந்தது நேரே நோயாளியின் திறந்த வாய்க்குள் போனது. இறந்துபோன பழைய ஆட்டக்காரர் இருவரின் பங்கு கல்லறைத் தோட்டத்தை விசாரித்துப் போய்ச் சேர்ந்தது. ஹோல்ம் தன் அறையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். அவருக்கு வந்ததுதான் எல்லாவற்றிலும் அதிகம். டாக்டர் அளந்து பார்த்துவிட்டு, நாளுக்கு அரை வாளி என்று எழுதிக் கொடுத்தார்.

சனிக்கிழமை இறுதி ஆட்டத்தில் பைன்ஃபோர்ட் பெண்கள் ஒன்றுக்கு நான்கு என்று தோற்றார்கள். காய்ந்த கவசங்கள் எடையில்லாமல் இருந்தன. கால்கள் வேகம் புரியாமல் தடுமாறின. நான்கு கோலும் ஐலியைத் தாண்டித்தான் போயின. மார்டெல் மட்டையைச் சுவரில் அடித்து உடைத்துவிட்டு அழுதாள், ஐலியை வண்டி வண்டியாகத் திட்டினாள், பிறகு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஐலி தன் மார்புக் கவசத்துக்குள் மூக்கை விட்டு நீண்ட நேரம் முகர்ந்தாள். புளித்த ரை தானிய ரொட்டி வாடை. இதுவரை அவள் அறியாதது.

"நாறுதுடி," என்றாள். "நல்லாவே நாறுது. நான்தான்."

அப்போது ஹோல்ம் உள்ளே வந்தார். கோட்டின் கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கையில் மூடி போட்ட வாளி. "பாரும்மா, அணியோட நல்லதுக்குத்தான் சொல்றேன். இதைத் திரும்ப எடுத்துக்குங்க. அடுத்த வருஷம் பழையபடி ஜெயிப்பீங்க" என்றார். குரல் கெஞ்சியது.

ஐலி எழுந்து வாளியின் மூடியை நன்றாக அழுத்தி மூடினாள். "வேண்டாம் சார். இருபது வருஷம் பாடுபட்டுச் சம்பாதிச்சீங்க. நீங்களே வச்சுக்குங்க."

அடுத்த பருவத்தில் அணி ஆறு ஆட்டம் தோற்று, ஏழாவதில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. அன்று மாலையே உடைகளைத் துவைத்துக் கொடியில் போட்டார்கள். மார்டெல் பயிற்சியாளரானாள். ஐலி பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆசிரியை ஆனாள். வலது கன்னத்தில் ஆட்டத்தில் பந்தாக அடிக்கும் ரப்பர் வில்லை பட்ட தழும்பு, தன்னுடையது என்று கேட்காதவர்களிடமும் சொல்வாள். ஹோல்ம் ஓய்வுபெறும்வரை இயக்குநராகவே இருந்தார். அவர் நாற்காலிக்கு அடியில் கல்லூரி ஒரு வடிகால் போட்டுக் கொடுத்தது. பெண்கள் ஆட்டத்துக்கு அவர் வந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்தாமலே இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள்.