நீலப் பொட்டு வைத்த நத்தை

புதன்கிழமை காலை கஜலட்சுமி பாத்தியை மூன்று தடவை எண்ணினாள். மூன்று தடவையும் இருபத்துநான்குதான். திங்கட்கிழமை முப்பது கறிமிளகாய்க் கன்றுகள் நின்றன. இப்போது ஆறு கன்றுகளுக்குத் தண்டு மட்டும் இருந்தது, தலை இல்லை.

பகலில் அவள் துணிக்கடையில் பில் போடுகிறாள். செவ்வாயும் வியாழனும் பின்னேரம் கண்டி டவுனில் வீட்டுத்தோட்ட வகுப்புக்குப் போகிறாள். சனிக்கிழமை காலை ஜெயராணி டீச்சர் வீடு வீடாக வந்து பாத்தி பார்ப்பார். இருபது கன்றாவது உயிரோடு நின்றால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் குண்டசாலையில் பேசி வைத்திருக்கும் நாற்றுமேடை வேலை. கடைக் கதிரையை விட்டு எழும்ப அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

தின்றது நத்தை என்பதில் சந்தேகமில்லை. பங்குனி வெயிலில் மண் வெடித்துக் கிடக்க வேண்டிய நேரம் இது. இந்த வருஷம் மூன்று மணிக்கு வெயில் கொளுத்துகிறது, நாலு மணிக்கு இடியோடு கொட்டுகிறது. கன்றைச் சுற்றிப் போட்ட சாம்பலும் முட்டைக்கோதும் ஒரே மழையில் தண்ணீர் வடியும் கானோடு போய்விட்டன. ஆனால் இத்தனை நத்தைகள் எங்கிருந்து வருகின்றன? தினமும் பின்னேரம் பொறுக்கி வாளியில் போடுகிறாள். அம்மா வடிவம்மா அதைக் கொண்டுபோய்ச் சந்திக் கானில் கொட்டிவிட்டு வருகிறாள். உப்புத் தண்ணீரில் போடலாமென்றால் அம்மா விடுவதில்லை.

"வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற வீட்டுல கொலை பண்ணச் சொல்றியா?"

மதிலுக்கு அந்தப் பக்கம் பர்ஹானா வீடு. அதே வகுப்பு, அதே நாற்று, அதே மழை. ஆனால் கேட் வழியாகப் பார்த்தால் அவளுடைய முன்வரிசையில் ஒரு இலைகூடக் கடிபடவில்லை. அதுதான் கஜலட்சுமியை உறுத்தியது.

புதன் பின்னேரம் பதினாலு நத்தைகளின் ஓட்டில் நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூடெக்ஸால் பொட்டு வைத்தாள்.

"என்னடி, நத்தைக்குக் கல்யாணமா?" என்று கேட்டபடி அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நாளைக்குப் பொட்டில்லாத நத்தை வந்தால் அது பக்கத்து வீட்டு நத்தை என்று கொப்பியில் எழுதி அடிக்கோடு போட்டாள். அது அப்படியே நிரூபணமாகுமா என்று யோசித்து, பிறகு கோட்டை அழித்தாள்.

வியாழன் காலை பாத்தியில் ஒன்பது நத்தைகள். மூன்றுக்குப் பொட்டில்லை. ஐந்துக்குச் சிவப்புப் பொட்டு. ஒன்பதாவதைக் கையிலெடுத்தவள் அப்படியே குந்திவிட்டாள். அதன் ஓட்டில் சிவப்பும் இருந்தது, பக்கத்தில் நீலமும் இருந்தது. பெருநாளுக்குப் பர்ஹானா வீட்டுக் கேட்டுக்கு அடித்த அதே வானநீலம்.

சந்திக் கான் பள்ளத்தில், இருநூறு அடி தள்ளி இருக்கிறது. ஒரே இரவில் நத்தை அந்த ஏற்றத்தை ஏறி வருமா? யாரோ கொண்டுவந்துதான் போட்டிருக்க வேண்டும். பர்ஹானா சொப்பிங் பையோடு கானுக்குள் குனிந்து நத்தை பொறுக்குவதைக் கற்பனை செய்து பார்த்தாள். எழுத வெட்கமாகத்தான் இருந்தது. எழுதினாள். கன்று இருபத்தொன்று என்றும் எழுதினாள்.

அன்று பின்னேரம் கட்டுகஸ்தோட்டையில் இருவரும் ஒரே பஸ் ஏறினார்கள்.

"ஒன்ட கன்றெல்லாம் எப்படி ஈக்குது?" என்றாள் பர்ஹானா.

"நல்லா இருக்கு. உன்னோடது?"

"என்டதும் நல்லாத்தான் ஈக்குது."

பர்ஹானாவின் கட்டைவிரல் நகத்தோரம் நீலப் பெயின்ட் ஒட்டியிருந்தது. பர்ஹானாவோ கஜலட்சுமியின் சிவப்பு நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் கைகளைப் பைக்கு அடியில் தள்ளினார்கள்.

வகுப்பில் டீச்சர் சொன்னார்: "செத்த கன்றுக்குப் பதிலா அதே தட்டுல மிஞ்சின நாற்றை நடலாம். ஏன் செத்துச்சுன்னு கொப்பியில எழுதணும். நாற்று குடுத்தவங்க கையெழுத்தும் வேணும்."

கஜலட்சுமியும் பர்ஹானாவும் ஒரே தட்டு நாற்றைத்தான் பங்கு போட்டிருந்தார்கள். மிஞ்சிய நாலும் பர்ஹானா வீட்டில் இருந்தன.

வெள்ளிக்கிழமை இடி விழுந்து கரண்ட் போனது. பில் மெஷின் நின்றதால் கடையை நேரத்தோடு மூடினார்கள். ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தவள் பையை வைக்காமலே பாத்திக்குப் போனாள். பத்தொன்பது. ஒன்று குறைகிறது.

நிமிர்ந்தபோது மதிலோரம் அம்மாவைக் கண்டாள். கவிழ்த்த பேசின்மேல் ஏறி, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, வாளியிலிருந்து நத்தைகளை ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் எறிந்துகொண்டிருந்தாள்.

"அம்மா!"

"சத்தம் போடாத. அந்தப் புள்ளைக்குக் கேக்கும்."

"கான்ல கொட்டுறதாத்தானே சொன்னீங்க?"

"கான்ல கொட்டினா ரோட்டுக்கு ஏறுது, த்ரீவீல் நசுக்குது. கண்ணால பாத்தேன்டி. அவங்க பக்கம்னா வல்லாரை இருக்கு. தின்னுட்டுக் கெடக்கும்."

"அங்க கறிமிளகாயும் இருக்கும்மா!"

அந்த நேரம் மதிலுக்கு மேலாக ஒரு நத்தை பறந்து வந்து பாத்தி நடுவில் விழுந்தது. அடுத்து இன்னொன்று. இரண்டிலும் நீலப் பொட்டு.

"பர்ஹானா!"

மதிலுக்கு அந்தப் பக்கம் நனைந்த சால்வையோடு ஒரு தலை எழும்பியது.

"மொதல்ல எறிஞ்சது யாரு, செல்லு! ஒன்ட நத்தைய ஒனக்கே தாறேன். திருப்பி வருதான்னு பாக்க நீலம் போட்டேன். சிவப்புப் பொட்டோட வேற வருது. இந்த லேன்ல கியூடெக்ஸ் பூசுறது நீ மட்டுந்தான்."

வடிவம்மா குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் யாரும் எறியவில்லை என்று கஜலட்சுமி ஒரு வார்த்தை சொன்னால் மானம் தப்பும். ஆனால் கன்று ஒன்று வேண்டும், கையெழுத்தும் வேண்டும். பொய் சொல்லிவிட்டு அந்தக் கையெழுத்தை எப்படி வாங்குவது?

"நானில்ல, எங்கம்மாதான். எனக்கே இப்பத்தான் தெரியும்."

"ஆன்ட்டியா?" பர்ஹானா எட்டிப் பார்த்தாள். "பெருநாளைக்கு வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தேனே ஆன்ட்டி!"

"நல்லா இருந்துச்சு புள்ள" என்றது குடை.

பர்ஹானா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "முன்வரிசை மட்டுந்தான் அழகு. பின்னால வந்து பாரு. எனக்குப் பதினெட்டுத்தான் ஈக்குது."

"தட்டுல நாலு இருக்குல்ல?"

"ரெண்டு எனக்கு வேணும்."

"எனக்கு ஒன்னு போதும்."

"தாறேன். ஆனா உண்மைய எழுது. வாசிச்சிட்டுத்தான் கையெழுத்து."

கஜலட்சுமி கொப்பியை மதில்மேல் வைத்து எழுதினாள்: இழப்புக்குக் காரணம் நத்தை. எறியத் தொடங்கியது எங்கள் வீடு.

"என் பேரையுமா டீச்சருக்கு எழுதுற?" என்றாள் வடிவம்மா.

"இல்லம்மா. வீடுன்னு மட்டும்."

பர்ஹானா இரண்டு தடவை வாசித்தாள். பேனையை வாங்கி, கடைசியில் 'திருப்பி எறிந்தது நாங்கள்' என்று சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பிறகு கன்றை நீட்டினாள். கஜலட்சுமி அதன் இலைகளைத் திருப்பிப் பார்த்தாள். வேர்மண்ணையும் விரலால் கிளறிப் பார்த்தாள்.

"நத்தை முட்டை ஏதும் இல்ல" என்றாள் பர்ஹானா. "தர முதல் நானே பாத்துட்டேன்."

இருபதாவது கன்றை நட்டு முடித்தபோது மழை விட்டிருந்தது. வாளியில் மிச்ச நத்தைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஆற்றங்கரைப் புல்லில் விட்டுவிட்டு வருவதாகச் சொல்லிக் கஜலட்சுமி அதைத் தூக்கினாள்.

"இரு, நானும் வாறேன்" என்று பர்ஹானா நீலக் கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள்.

"ஏன், நான் போட மாட்டேன்னு நினைக்கிறியா?"

"நீ மட்டும் என்ன, என்ட கையில தந்து அனுப்புவியா?"

கஜலட்சுமி யோசித்துப் பார்த்தாள். அனுப்ப மாட்டாள். வாளியின் கைப்பிடியில் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இருவரும் பள்ளத்தில் இறங்கினார்கள்.