ஜெபக்குறிப்பும் இருநூற்றாறு எலும்புகளும்

பாடகர் குழுவின் மூத்த பாடகிக்கு இடக்கை மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் ஒரு புதன்கிழமை முற்பகல் பதினொன்றரை மணிக்குக் காணாமற்போயின. வலி இல்லை. எக்ஸ்ரே எடுத்தவர் கருவியை இருமுறை துடைத்துப் பார்த்துவிட்டு, "படம் சரியாத்தான் இருக்கு. கைலதான் ஒண்ணும் இல்ல" என்றார். அதே பதினொன்றரை மணிக்கு மகளிர் ஜெபக்கூட்டம் முடிந்ததையும், அதில் தம்மைத் தவிர எட்டுப் பேர் இருந்ததையும் பாடகி குறித்துக்கொள்ளவில்லை.

மூத்தவர் இருபத்திரண்டு ஆண்டுகள் தனிப்பாட்டுப் பாடியவர். அவருடைய ஓரகத்தி, கணவனை இழந்தவள், அதே வீட்டின் பின்னறையில் பன்னிரண்டு குழந்தைகளுக்கு மழலையர் வகுப்பு நடத்தி வந்தாள்; அவளுக்கும் அவள் மகளுக்கும் அதுவே சோறு. மூத்தவருக்கு ஜலதோஷம் கண்ட ஒரு ஞாயிறன்று சின்னவள் பாடினாள். ஆராதனை முடிந்த பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரமும் அவளே பாடட்டும் என்றார் போதகர். அதற்கு எல்லாரையும்விட உரக்க ஆமென் சொன்னவர் மூத்தவரே. பொறாமையைப் பற்றிப் போதகர் ஆண்டுக்கொரு முறை பிரசங்கிப்பதுண்டு. சபையார் ஒவ்வொருவரும் பக்கத்து இருக்கையைப் பார்த்துத் தலையசைப்பதும் உண்டு.

அச்சபையில் புறங்கூறுதல் அறவே கிடையாது. ஜெபக்குறிப்பு உண்டு. அந்தப் புதன்கிழமை மூத்தவர் கண்களை மூடிக்கொண்டு, "வெளிய சொல்லிடாதீங்க. எங்க வீட்டுச் சின்னவளுக்குத் தொண்டையில ஏதோ இருக்கு போல. பாரத்தோட சொல்றேன், ஜெபிச்சுக்கோங்க" என்றார்.

"ஐயோ, ஒட்டுமா அக்கா?" என்றார் மருந்துக்கடைக்காரரின் மனைவி.

"ஒட்டாதுன்னு நான் எப்படிம்மா சொல்ல முடியும்?"

அவர் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'போல' என்றுதான் சொன்னார்.

தொண்டையில் இருந்தது வியாழனன்று நுரையீரலுக்கு இறங்கியது. சனிக்கிழமை இரத்தமாக வந்தது. கேட்ட ஒவ்வொரு காதுக்கும் மூத்தவரிடமிருந்து ஓர் எலும்பு கழிந்தது. பின்னறையில் பன்னிரண்டு குழந்தைகள் ஒன்பதாயினர், நால்வராயினர், பிறகு ஒருவரும் இல்லை. "தப்பா எடுத்துக்காதீங்க, பாப்பா வீட்லயே நல்லா படிக்கிறா" என்றார் இரண்டரை வயதுக் குழந்தையின் தாய். ஆலயத்தில் சின்னவளைச் சுற்றி ஆறு இருக்கைகள் காலியாக இருந்தன. சபையார் அவளுக்காக ஊக்கமாக ஜெபித்தார்கள், ஏழாவது இருக்கையிலிருந்து.

பத்தாவது வாரத்தில் மூத்தவரை நான்காக மடிக்க முடிந்தது. நாக்குக்கு மட்டும் ஒரு குறையுமில்லை. இழக்க அதில் எலும்பு இல்லை. அவரைத் துடைத்து, கசங்காமல் மடித்துப் படுக்க வைத்தவள் சின்னவள். பார்த்துக்கொள்ளக் குழந்தைகள் இல்லாததால் அவளுக்கு நேரம் இருந்தது.

"உனக்கு என் மேல கோபமே வரலையா?" என்று கேட்டார் மூத்தவர்.

"வருது அக்கா. உங்களை மடிக்கும்போது ரொம்ப வருது. அசையாதீங்க."

"யார் சொன்னா உனக்கு?"

"அந்த எட்டுப் பேரும் தனித்தனியா வந்து, நீங்கதான் சொன்னீங்கன்னு சொன்னாங்க. வெளிய சொல்லிடாதேன்னும் சொன்னாங்க."

மூத்தவர் அன்று முழுவதும் பேசவில்லை. இது எலும்புகள் மறைந்ததைக் காட்டிலும் அரிய நிகழ்ச்சியாகக் கருதப்பட்டது. ஞாயிறன்று தம்மைச் சலவைக் கூடையில் வைத்துத் தூக்கிச் செல்லச் சொன்னார். சபையின் முன்னால் கூடைக்குள்ளிருந்து, "அவளுக்குத் தொண்டையில ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் வயித்தெரிச்சல்" என்றார். இம்முறை 'போல' இல்லை. இடக்கை மணிக்கட்டு அப்போதே கெட்டிப்பட்டது.

போதகர் அந்த எட்டுப் பேரையும் எழச் சொன்னார்; யார் யாரிடம் சொன்னார்களோ அவர்களிடமெல்லாம் போய்த் திருத்திச் சொல்லுங்கள் என்றார். நாங்கள் ஜெபிக்கத்தானே செய்தோம் என்றனர் அவர்கள். கோடையின் உச்சத்தில் எட்டுப் பேரும் கையுறை அணிந்து வந்திருந்ததைச் சபை அப்போதுதான் கவனித்தது. மறுநாள் காலையிலிருந்து வீடு வீடாகப் போனார்கள்.

திருத்தம் எட்டிய ஒவ்வொரு காதுக்கும் ஓர் எலும்பு திரும்பியது. இடுப்புக்கும் அதற்குக் கீழேயும் உரிய அறுபத்திரண்டு மட்டும் வரவில்லை. அவை தொலைபேசி வழியாக வெளியூர் போனவை. குழந்தைகளில் ஏழு பேர் திரும்பினர். சின்னவள் பாடுகிறாள். புதன்கிழமை ஜெபக்கூட்டம் இன்றும் நடக்கிறது. முன்பு ஒன்றரை மணி நேரம், இப்போது பத்து நிமிடம். ஆராதனை முடிந்து கைகுலுக்கும்போது ஒருவர் விரல் துவண்டால் மற்றவர் அதைப் பற்றி யாரிடமும் சொல்வதில்லை. மூத்தவர் பின்னறையில் சுவரோரம் இருக்கையில் கட்டப்பட்டு அமர்ந்திருக்கிறார். மதியத்தில் குழந்தைகள் அவர் மடியில்தான் தூங்குகிறார்கள். எலும்பில்லாத மடி உறுத்துவதில்லையாம். ஒருவரும் வந்து உட்காராத ஐந்து குட்டி நாற்காலிகளை அவர் நாள்தோறும் அருகில் இழுத்துத் துடைத்து வைக்கிறார்.