விழுந்த ஹெல்மெட்

மனைவியின் ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துத் தருகிறேன் பேர்வழி என்று அதைப் பால்கனிச் சுவர்மேல் வைத்ததுதான் அவன் செய்த முட்டாள்தனம். துணியை நனைத்துக்கொண்டு திரும்புவதற்குள் அது உருண்டு, இரண்டாம் மாடியிலிருந்து சிமெண்டுத் தரையில் டொம்மென்று விழுந்தது. ஓடிப்போய் எடுத்துப் பார்த்தான். ஓரத்தில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் படியிறங்கி வந்துவிட்டாள்.

"குடுங்க, நேரமாச்சு."

வாங்கி மாட்டிக்கொண்டு பைக்கைக் கிளப்பிவிட்டாள். அவன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான்.

வேறு யாராவது என்றால் அத்தோடு மறந்திருப்பார்கள். இவன் ஹெல்மெட் கடைக்காரன். தெருவே 'ஹெல்மெட் வாத்தியார்' என்று கிண்டல் செய்யும் ஆசாமி. கீழே விழுந்த ஹெல்மெட்டை யாராவது கொண்டுவந்தால், உள்துணியை உரித்துத் தெர்மாகோலைக் கட்டைவிரலால் அழுத்துவான். விரிசல் இருந்தால், உரியவர் ஐயோ என்பதற்குள் கத்திரிக்கோலை எடுத்துத் தாடை வாரை வெட்டிவிடுவான். "வெளிய பளபளன்னுதான் இருக்கும். உள்ள செத்துப்போச்சு. இனி இது ஹெல்மெட் இல்ல, பிளாஸ்டிக் சட்டி" என்பான். வெட்டுப்பட்ட வார்கள் ஒரு வாளி நிறையக் கிடந்தன.

வீட்டிலும் இதே பாட்டுதான். ஹெல்மெட்மேல் உட்கார்ந்த மச்சானைச் சாப்பாட்டு நேரமென்றும் பார்க்காமல் வாங்கு வாங்கென்று வாங்கியதில், அவன் அதற்குப் பிறகு இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. அப்படிப்பட்டவன் 'நானே கீழே போட்டுவிட்டேன்' என்று எந்த முகத்தோடு சொல்வது?

கடையில் இருப்புக் கொள்ளவில்லை. அவள் ஆய்வுக்கூடம் ஒன்றுக்காக வீடு வீடாகப் போய் ரத்த மாதிரி எடுப்பவள். மதியத்துக்குள் நகரத்தையே ஒரு சுற்று வந்துவிடுவாள். போன் செய்தான். எடுக்கவில்லை. மறுபடி செய்தான். எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? வண்டியில் போகும்போது போனைத் தொட்டால் தூக்கிப்போட்டு உடைத்துவிடுவேன் என்று மிரட்டி வைத்தவனே இவன்தான். இன்றைக்குப் பார்த்து அவள் சொல்பேச்சு கேட்டுத் தொலைத்தாள்.

தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடினான். சின்னத் தலைக்காரர் ஒருவருக்குப் பெரிய அளவை எடுத்துக் கொடுத்தான். அது அவர் மூக்குவரை இறங்கியது.

"என்ன வாத்தியாரே, உடம்பு சரியில்லையா?"

பன்னிரண்டரைக்கு ஷட்டரை இழுத்துவிட்டு, அவள் அளவில் புது ஹெல்மெட் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு விரைந்தான்.

"அக்கா வர்ற நேரந்தான், உக்காருங்க" என்றாள் வரவேற்பு மேசைப் பெண். உட்கார்ந்தான், எழுந்தான், கண்ணாடிக் கதவுக்கு நடந்தான். ஒரு மணி. ஒன்றரை. மணல் லாரி போகும் திருப்பங்கள் எல்லாம் வரிசையாக மனதில் வந்தன.

இரண்டு மணிக்கு ஹெல்மெட்டும் மாதிரிப் பெட்டியுமாக அவள் உள்ளே வந்தாள். முழுசாக. அவனுக்கு அழுகை முட்டியது. புது ஹெல்மெட்டை நீட்டினான்.

அதைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறியது. "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"என்னது?"

"போன மாசம் என் ஹெல்மெட் இங்க மாடிப்படியில உருண்டு விழுந்துச்சுங்க. கடைசிப் படிவரைக்கும். சொன்னா கத்துவீங்கன்னு சொல்லல. தம்பியை நீங்க பேசினதைப் பார்த்தேன்ல?"

"அடிப்பாவி! ஒரு மாசமாவா?" வசவு தானாக நாக்குக்கு வந்துவிட்டது. இப்படியே கத்திவிட்டுப் போனால் அவன் செய்தது யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவள் தலைகுனிந்து நின்ற விதம் அவனைத் தடுத்தது. சாலைக்குப் பயப்படாதவள், இவன் வாய்க்குப் பயந்து ஒரு மாதம் அதை மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"காலைல நானும் கீழ போட்டேன்" என்றான். "பால்கனியிலேருந்து."

அவள் நிமிர்ந்தாள். "தெரிஞ்சேதான் என் கையில குடுத்தீங்களா?"

"ம்."

"பதினாலு வீடு சுத்திட்டு வர்றேன்."

அவள் பெட்டியை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். "கத்திரிக்கோல் உங்க பையிலதான இருக்கும்? எடுங்க."

பழைய ஹெல்மெட்டின் உள்துணியை உரித்து, அவன் செய்வதைப் போலவே கட்டைவிரலால் அழுத்தினாள். தெர்மாகோல் பொரபொரவென்று உதிர்ந்தது. காதிலிருந்து காதுவரை விரிசல். அதை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவனால் பார்க்க முடியவில்லை.

வாரை வெட்டி, துண்டை அவன் சட்டைப்பையில் செருகினாள்.

"அடுத்த தடவை யாருக்காவது பாடம் நடத்தினா, இது யாரோடதுன்னும் சேர்த்துச் சொல்லுங்க."