எவரிஸ்தோ குடியிருந்த அறை

கொமொடோரோ பேருந்து நிலையத்தின் பின்பக்கம், பார்சல் கவுண்டரில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். நேலிதா ரசீது போடுவாள். ஐம்பதைத் தாண்டியவள், வாய் ஓயாது. இலாரியோ மூட்டைகளை எடை போட்டு வண்டியில் ஏற்றுவான். எலும்பும் தோலுமாக நெடுநெடுவென்று இருந்ததால் 'ஒல்லி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. மூன்றாமவன் எவரிஸ்தோ. வடக்கே வெயில் காயும் கட்டமார்க்காவிலிருந்து போன கோடையில்தான் இந்தத் தெற்குக் கடற்கரைக்கு வந்து சேர்ந்திருந்தான். அதனால் நேலிதா அவனை ஊர்ப்பெயர் சொல்லியே கூப்பிடுவாள். மூவரும் ஒரே குடுவையில், ஒரே உறிஞ்சியில் வாய் வைத்து நாள் முழுக்க மாத்தே இலைக் கஷாயம் குடித்தார்கள். ஆனால் ஒருவர் வீட்டு வாசலை இன்னொருவர் மிதித்ததில்லை.

ஜூன் மாதம், இந்த ஊரின் குளிர்காலம் தொடங்கியதும் கவுண்டரில் இருந்த கேஸ் ஹீட்டர் அணைந்துவிட்டது. நேலிதா அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கத்தினாள். இலாரியோ மூடியைக் கழற்றி, மெல்லிய செப்புக் கம்பியை விட்டு பர்னரின் துவாரங்களை ஒவ்வொன்றாகக் குத்திச் சுத்தம் செய்தான். எவரிஸ்தோ பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தான்.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"எங்கப்பா செஞ்ச வேலை. லீவு நாள்னா புகைக்குழாயச் சுத்தம் பண்ண என்னைக் கூரை மேல ஏத்தி விட்டுட்டு அவரு கீழ நின்னு சிகரெட் குடிப்பாரு."

"எங்க ஊர்ல ஹீட்டரை நான் கண்ணாலயே பாத்ததில்ல. அங்க எல்லாம் ஃபேன்தான்."

"அப்ப ஃபேன் ரிப்பேர் பண்ணுவியா?"

"ஓடலன்னா கையால விசிறிக்குவேன்."

நேலிதா ரசீதுக் கட்டை மேசையில் தட்டிச் சிரித்தாள். "கட்டமார்க்கா பேசிட்டானப்பா."

ஹீட்டர் நீலமாக எரிந்தது. இலாரியோ மூடியைப் பொருத்திவிட்டுக் கை கழுவப் போனான். நீலம் ஏன் நல்லது, மஞ்சள் எரிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. இந்த ஊரில் நடக்கப் பழகும்போதே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும் சங்கதி அது.

குளிரில் எவரிஸ்தோவின் உதடு வெடித்தது. "படுத்தா முதுகுல ஐஸ் வச்ச மாதிரி இருக்குக்கா," என்றான் ஒருநாள்.

"எங்கேருந்து காத்து வருதோ அங்க துணிய அடைச்சு வை. இந்த ஊர்ல அப்படித்தான் பொழைக்கணும்," என்றாள் நேலிதா. ஜன்னல் இடுக்கை நினைத்துத்தான் சொன்னாள்.

ஜூலையில் சுதந்திர தினம் வந்தது. அதற்கு முந்தின வாரம் எவரிஸ்தோ தயங்கித் தயங்கி அழைத்தான். "லோக்ரோ பண்றேன். எங்கம்மா கைப்பக்குவம். ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க. மேட்டுத் தெருதான், கடைசி பஸ் ஸ்டாப்."

வருகிறோம் என்று இருவரும் சொன்னார்கள். சுதந்திர தினத்தன்று காற்று கூரைத் தகரங்களைப் பிய்த்துக்கொண்டு வீசியது. நேலிதாவுக்கு முட்டி வலி. இலாரியோ கால்பந்து பார்த்துக்கொண்டே சோபாவில் தூங்கிப்போனான். மறுநாள் எவரிஸ்தோ ஒரு பாத்திரத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தான். முகத்தில் வருத்தம் தெரியவில்லை. வெள்ளைச் சோளமும் பூசணியும் கறியும் குழைந்த அந்தக் கஞ்சியை ஹீட்டர் மேல் வைத்துச் சூடாக்கி மூவரும் சாப்பிட்டார்கள். "அடுத்த தடவை கண்டிப்பா வரோம்," என்றாள் நேலிதா. "கதவு தொறந்துதான் இருக்கும்," என்றான் அவன்.

அதற்கப்புறம் அவன் காலையில் தலையைப் பிடித்துக்கொண்டே வரத் தொடங்கினான். முகம் சிவந்திருக்கும். சில நாள் வாந்தி.

"ராத்திரியெல்லாம் என்னத்தடா ஊத்திக்கிற?" நேலிதா திட்டிக்கொண்டே மாத்திரையைக் கையில் திணிப்பாள்.

"சத்தியமா ஒண்ணும் குடிக்கலக்கா."

மதியம் ஆனால் தெளிந்துவிடுவான். மூட்டை தூக்குவான், மெதுவாக எதையோ முணுமுணுத்துப் பாடுவான். இலாரியோ இதையெல்லாம் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரர் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் உடனே ஓடிப்போய் ஹீட்டரைத்தான் பார்த்திருப்பான். எவரிஸ்தோவுக்கு ஒரு வீடு இருக்கிறது, அதற்குள் ஒரு ஹீட்டர் இருக்கிறது என்பது மட்டும் அவன் நினைப்பில் வரவேயில்லை.

ஒரு திங்கட்கிழமை எவரிஸ்தோ வேலைக்கு வரவில்லை. போனும் எடுக்கவில்லை. மதியம்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு நேலிதா கோட்டு மாட்டினாள், இலாரியோவும் கூடக் கிளம்பினான். வீட்டு எண் தெரியாமல் அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

மேட்டுத் தெருவில், ஒரு வீட்டின் பின்னால் ஒட்டிக் கட்டிய அறை. தட்டினார்கள், பதில் இல்லை. வீட்டுக்காரர் சாவி கொண்டுவந்து திறந்ததும் வெதுவெதுப்பான ஈரக் காற்று முகத்தில் அடித்தது. சுவரில் நீர் வழிந்திருந்தது. இலாரியோவின் கண் கட்டிலுக்குப் போகுமுன் ஹீட்டருக்குப் போயிற்று. சுடர் மஞ்சளாக, சோம்பலாக நக்கிக்கொண்டிருந்தது. மேலே சுவரில் கரி. அவன் வால்வை மூடி ஜன்னலைத் திறந்தான். பிறகுதான் திரும்பிப் பார்த்தான். எவரிஸ்தோ இரண்டு கம்பளிக்குள் ஒருக்களித்துப் படுத்திருந்தான். தொட்டுப் பார்த்தான். உயிர் எப்போதோ போயிருந்தது.

நேலிதா அறையின் மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தரையை ஒட்டி, சுவரில் காற்றுக்காக விட்டிருந்த துவாரத்தில் ஒரு துண்டை நன்றாக மடித்துச் செருகியிருந்தான்.

"நாந்தான் அடைக்கச் சொன்னேன்," என்றாள். "ஒல்லி, நாந்தான சொன்னேன்."

இலாரியோ வெளியே வந்து ஏணியைத் தேடி எடுத்துக் கூரை மேல் ஏறினான். புகைக்குழாய் மொட்டையாக நின்றது. மேலே இருக்க வேண்டிய தகரத் தொப்பியைக் காற்று எங்கோ கொண்டுபோயிருந்தது. குழாய்க்குள் இறங்கும் காற்று வாசனையில்லாத விஷப் புகையைத் திரும்ப அறைக்குள்ளேயே தள்ளியிருக்கிறது. கீழே போலீஸ் வண்டி வந்து நிற்கும்வரை அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

கட்டமார்க்காவிலிருந்து தங்கை ரோசௌரா பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தாள். உடலை அவ்வளவு தூரம் கொண்டுபோக வழியில்லாமல் இங்கேயே புதைத்தார்கள். காற்றில் பாதிரியார் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. அன்று மாலை நேலிதா அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். இலாரியோவும் கூடப் போனான். அந்த வீட்டுக்குள் அவன் நுழைவது அதுதான் முதல் தடவை. நுழைந்ததும் ஹீட்டரைப் பார்த்தான். நீலமாக எரிந்தது.

ரோசௌரா சமையலறையில் உட்கார்ந்து அண்ணனைப் பற்றிப் பேசினாள். தாய் செத்தபோது தனக்கு ஏழு வயது, தலை வாரிப் பின்னி விட்டதே அவன்தான் என்றாள். சந்தையில் மேளம் வாசிப்பானாம். கடலைப் பார்க்கணும் என்றுதான் தெற்கே கிளம்பினானாம். கவுண்டரிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கடல். அவன் போனானா என்றுகூட இவர்களுக்குத் தெரியவில்லை.

"போன்ல உங்களப் பத்திதான் சொல்லுவான்," என்றாள். "ஒரு அக்கா திட்டிக்கிட்டே மாத்திரை குடுப்பாங்க, ஒல்லின்னு ஒருத்தன், எதைத் தொட்டாலும் ஓட வச்சிருவான்னு. ஃப்ரெண்டுங்க இருக்காங்க, பயப்படாதன்னு."

நேலிதா மாத்தே குடுவையில் வெந்நீர் ஊற்றினாள். ரோசௌரா கேட்டாள். "அந்த ஹீட்டர் ரொம்பப் பழுதா? பெரிய வேலையா அது?"

நேலிதா இலாரியோவைப் பார்த்துத் தலையசைத்தாள், சொல்லாதே என்பதுபோல. இலாரியோவால் பொய் சொல்ல முடியவில்லை.

"இல்லம்மா. அரை மணி நேர வேலை. நான் ஒரு தடவை வந்து பாத்திருந்தாப் போதும். கூப்பிட்டான். நான் போகல."

ரோசௌரா அவனை வெகுநேரம் பார்த்தாள். அவள் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். காலையில் பஸ் ஏறும்போது நேலிதாவைக் கட்டிக்கொண்டாள். இலாரியோவுக்குக் கை மட்டும் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இலாரியோ செப்புக் கம்பியும் பிரஷும் ஸ்பேனரும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். கவுண்டரில் அவன் சொன்னதைக் கேட்டிருந்த நேலிதா பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தாள்.

"நீ எதுக்கு? முட்டி வலின்ன."

"ஏணிய யாரு பிடிப்பா, உங்கப்பனா? நட."

நிலையத்தில் வேலை பார்க்கும் டிரைவர்கள், சுமை தூக்குபவர்கள், டிக்கெட் கொடுக்கும் பெண்கள் என்று ஒவ்வொரு வீடாகப் போய் ஹீட்டரைப் பார்த்தார்கள். சிலர் சந்தேகமாகப் பார்த்தார்கள், சிலர் கேலி செய்தார்கள். பாதி வீடுகளில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் உட்காரச் சொன்னார்கள், பொரித்த ரொட்டி வைத்தார்கள். தினமும் அதட்டிப் பேசும் டிரைவர் வீட்டில் படுத்த படுக்கையாய் ஒரு தம்பி இருப்பது அப்படித்தான் தெரிந்தது. நேலிதா ஒவ்வொரு வீட்டுப் பெண்ணையும் ஹீட்டர் முன் மண்டியிட வைப்பாள். "இந்தத் துவாரத்த அடைக்கக் கூடாது. குளிரினா கம்பளி வாங்கு. சுடர் மஞ்சளாச்சுன்னா மொதல்ல வால்வ மூடு, அப்புறம் ஜன்னலத் தொற, அப்புறம் எங்களுக்குப் போன் போடு." கம்பியைக் கையில் கொடுத்து அவர்களையே துவாரங்களைக் குத்த வைப்பாள். மண்டியிட்டு எழும்போதெல்லாம் முட்டியைப் பிடித்துக்கொள்வாள், முனகமாட்டாள்.

மறு வருஷம் எவரிஸ்தோவின் இடத்துக்கு இர்மா என்று ஒருத்தி வந்தாள். வடகிழக்கே ஃபோர்மோசாக்காரி, குளிர் தெரியாதவள். முதல் நாளே இலாரியோ அவளிடம் கேட்டான். "வீடு எங்க? என்ன ஹீட்டர்?"

"பாத்துடி, பொண்ணு கேட்டு வந்துருவான்," என்றாள் நேலிதா. பேச்சு பழையபடிதான் வந்தது, கண் மட்டும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். வீட்டைப் பெருக்கித் துடைத்து வைத்திருந்தாள் இர்மா. சுடரில் லேசாக மஞ்சள் ஓடியது. இலாரியோ கூரை ஏறி, ஆட்டம் கண்டிருந்த தொப்பியை இறுக்கிவிட்டு வந்தான், பர்னரைத் துடைத்தான். முடிந்ததும் மூவரும் மாத்தே குடித்தார்கள். ஊரில் விட்டுவந்த மகனைப் பற்றி இர்மா பேசினாள். பொழுது சாயும்வரை அவர்கள் எழுந்திருக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நேலிதா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். இலாரியோ கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, இறங்கும் இடம் வரும்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.